கம்ப்யூட்டர் ஓடினால் ரேடியோ இரைவது ஏன்? 130 ஆண்டுகளுக்கு முன் ஜகதீச சந்திர போஸ் செய்த தகரப் பெட்டியில் இருக்கிறது பதில்

பூதலூர் கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு யுபிஎஸ், தலைக்கு மேலே எல்இடி லைட். கல்லாப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோ. காலையில் திருச்சி வானொலி தெளிவாகக் கேட்கிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்த அடுத்த நொடி, செய்தி வாசிப்பவரின் குரலை ஒரு ரீங்காரம் விழுங்கிவிடுகிறது.

ரேடியோ பழுது என்று கடைக்குக் கொண்டு போனால் அங்கே நன்றாகவே பாடும். கம்ப்யூட்டரிலும் ஒரு குறையும் இருக்காது. ரெண்டுக்கும் இடையே நடப்பதற்குப் பெயர் மின்காந்தக் குறுக்கீடு.

டெல்டாவில் இது சின்ன விஷயம் இல்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி-27 நெல் ரகம் தஞ்சை மாவட்டத்தில் வேகமாகப் பரவ, அந்த நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள்தான் பெரிய காரணம். விவசாயிகள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு ரேடியோ தெளிவாகக் கேட்பது இந்த ஊரின் வயலையே மாற்றியிருக்கிறது.

இந்தக் குறுக்கீட்டை 1890-களிலேயே நேருக்கு நேர் சந்தித்து, கையில் கிடைத்த தகரத்தை வைத்து அடக்கியவர் ஒருவர் உண்டு. அவர் ஜகதீச சந்திர போஸ். செடிகளுக்கு உணர்வு உண்டு என்று சொன்னவராகத்தான் பள்ளிப் புத்தகத்தில் வருவார். பாரதியாரின் எழுத்தில் ஜகதீச சந்திர வஸு என்று வருபவரும் இவரே. ஆனால், செடிகளுக்கு முன்பு அவர் ரேடியோக்காரர்.

முதலில், இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

மின்சாரம் ஒரே சீராக ஓடினால் பிரச்சினை இல்லை. அதைச் சட்டென்று வெட்டி வெட்டி விட்டால்தான் சுற்றிலும் ரேடியோ அலை கிளம்பும்.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, போன் சார்ஜர், எல்இடி லைட்டின் டிரைவர் மூன்றும் செய்வது அதைத்தான். மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, வேண்டிய அளவுக்கு மாற்றித் தருகின்றன. ஒரு சார்ஜர் 78 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வையுங்கள். அந்த ஒரு எண்ணில் மட்டும் அலை வராது. 156, 234 என்று அதன் மடங்குகளிலும் வரும். 12-வது மடங்கு 936 கிலோஹெர்ட்ஸ். திருச்சி வானொலியின் மத்திய அலை எண்ணும் 936 தான்!

இந்த அலை வெளியே பரவ ஆன்டெனா வேண்டுமே? அதுக்கும் பஞ்சம் இல்லை. மானிட்டர் வயர், யுஎஸ்பி வயர், பவர் கார்டு எல்லாமே அந்த வேலையைச் செய்கின்றன.

பம்புசெட் ஸ்டார்ட்டரில் பறக்கும் பொறி, பழைய டியூப்லைட் மினுக்குவது, பைக்கின் ஸ்பார்க் பிளக் எல்லாம் இதே கதைதான். பொறி பறந்தால் ரேடியோ அலை பறக்கும். போஸ் காலத்தில் ரேடியோ அலையை உண்டாக்க விஞ்ஞானிகளுக்குத் தெரிந்த வழியும் இந்தப் பொறிதான். அதாவது, இன்று நாம் இரைச்சல் என்று விரட்டுவதுதான் அன்று சிக்னல்.

டாக்டராகப் போனவர் இயற்பியலுக்கு வந்த கதை

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. ஊர், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங். அப்பா பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருப்பவர் பிள்ளையை இங்கிலீஷ் பள்ளியில் போடுவதுதான் அன்றைய வழக்கம். அவரோ மகனை வங்காளப் பள்ளிக்கு அனுப்பினார். சிறுவன் போஸ் மீனவர் வீட்டுப் பிள்ளையோடும் வீட்டு ஊழியரின் பிள்ளையோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்.

அடுத்து கல்கத்தாவின் செயின்ட் சேவியர் பள்ளி, கல்லூரி. அங்கே இயற்பியல் சொல்லித்தந்த லாஃபோன் பாதிரியார், சோதனைகளை மாணவர்கள் கண் முன்னே செய்து காட்டுவதில் பெயர் பெற்றவர். அறிவியல் என்றால் கையால் செய்து பார்ப்பது என்ற பழக்கம் போஸுக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடல் ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டு அடிக்கடி காய்ச்சல். பிணங்களை அறுக்கும் அறையின் வாடை அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். அங்கே பாடம் எடுத்தவர்களில் லார்டு ரேலியும் ஒருவர். 1884-ல் பட்டத்தோடு வெளியே வந்தார்.

சம்பளம் வாங்காத மூன்று வருஷம்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை. இந்தியர் என்பதால் ஐரோப்பியருக்குத் தருவதைவிடக் குறைந்த சம்பளம். வேலையும் தற்காலிகம் என்பதால் அதிலும் வெட்டு.

போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. தினமும் வந்து பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் ரெண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம்! இத்தனைக்கும் அப்பா தொழில் முயற்சிகளில் கடன்பட்டுத் திணறிக்கொண்டிருந்த நேரம் அது.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் சேர்ந்த நாளில் இருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பணம் குடும்பக் கடனை அடைக்கப் போனது.

இந்தக் கஷ்டகாலத்துக்கு நடுவே, 1887-ல் அபலா தாஸுடன் கல்யாணம். அபலாவுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் கிடைக்காததால், மருத்துவம் படிக்க அவர் வந்தது சென்னைக்கு. உடல்நலம் கெட்டதால் பட்டம் முடிக்க முடியவில்லை. பின்னாளில் பெண் கல்விக்காக நீண்ட காலம் உழைத்தார்.

24 சதுர அடியில் ஒரு ஆய்வகம்

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று போஸுக்கு ஒன்றும் கிடையாது. குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி இடம்தான் கிடைத்தது. ரெண்டு ஆபீஸ் டேபிள் போட்டால் கதவு திறக்காது. கருவி செய்ய உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். அவருக்கு அறிவியல் கருவி செய்த முன்அனுபவம் எதுவும் இல்லை. செலவு போஸின் கையில் இருந்து. அதுவும் கல்லூரி வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில்.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் ஹெர்ட்ஸின் பெயர் ஓங்கியிருந்தது. மாக்ஸ்வெல் கணக்கில் சொன்ன மின்காந்த அலை உண்மையிலேயே இருக்கிறது என்று 1887-88ல் அவர் சோதனையில் காட்டிவிட்டார். 1894 ஜனவரி 1-ல், 36 வயதில் இறந்தும் போனார். அதே வருஷம் ஆலிவர் லாட்ஜ் அவருடைய வேலையைப் பற்றி லண்டனில் ஆற்றிய உரை அச்சாகி வந்தது. அதைப் படித்த போஸ், 1894 நவம்பர் 30-ல், தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று முடிவெடுத்தார்.

அவருக்கு ஒரு திட்டமும் இருந்தது. ஹெர்ட்ஸ் கண்ணாடி வைத்துச் செய்த சோதனைகளில் அலைநீளம் சுமார் 66 சென்டிமீட்டர். அவ்வளவு நீள அலையை ஒளி மாதிரி வளைக்க, திருப்ப வேண்டும் என்றால் லென்ஸும் கண்ணாடியும் ஆளுயரத்துக்கு வேண்டும். 24 சதுர அடியில் அது நடக்குமா? அதனால் போஸ் அலையைச் சின்னதாக்கினார். அவர் உண்டாக்கிய அலைகள் 25 மில்லிமீட்டரில் தொடங்கி 5 மில்லிமீட்டர் வரை இறங்கின. இன்றைய கணக்கில் சுமார் 60 கிகாஹெர்ட்ஸ் வரை. முழுக் கருவியும் ஒரு மேஜை மேல் அடங்கிவிட்டது.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது

ஒரே மேஜையில் பொறி பறக்கவிடும் கருவி. ரெண்டு மூன்று அடி தள்ளி, அந்த அலையைப் பிடிக்கும் மிக நுட்பமான ரிசீவர். நடுவில் ஒரு படிகத்தையோ லென்ஸையோ வைத்து, அலை எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க வேண்டும்.

ஆனால், நடுவில் ஒன்றுமே வைக்காமல் வழியை அடைத்தாலும் ரிசீவர் துள்ளும். ஏன்? அலை நேர்வழியில் மட்டும் வரவில்லை. காயிலில் இருந்து, பேட்டரி வயரில் இருந்து, சுவரில் பட்டுத் திரும்பி என்று எல்லாப் பக்கமும் கசிந்தது. போதாததற்கு, காயிலின் காந்தப்புலம் நேராகப் போய் கால்வனோமீட்டரின் காந்த ஊசியையும் ஆட்டிவைத்தது. ரிசீவர் காட்டுவது சோதனையின் முடிவா, கருவியின் சேட்டையா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

கம்ப்யூட்டர் பக்கத்தில் ரேடியோ வைத்தவர் படும் பாடும் இதுதான். வித்தியாசம் ஒன்றுதான். போஸ் தன் ரிசீவரை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அளவுகோல் மில்லிமீட்டர், ரெண்டும் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும்.

தகரப் பெட்டி செய்த வேலை

போஸ் மூன்று இடத்தில் கை வைத்தார்.

முதலாவது, மூலம். பொறி உண்டாக்கும் காயிலையும் பேட்டரியையும் உலோகப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மின் அலை உலோகச் சுவரைத் தாண்டாது. காந்தப்புலத்தை மடக்க இரும்புத் தகடு. பெட்டியில் ஒரே ஒரு குழாய் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். அலை போவதென்றால் அந்தக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். இன்று மைக்ரோவேவ் பொறியாளர்கள் அலைவழி என்று சொல்லும் குழாயின் ஆரம்ப வடிவங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, பொறியின் எண்ணிக்கை. மற்றவர்கள் தொடர்ந்து படபடவென்று பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். போஸ் ஒரு அளவீட்டுக்கு ஒரு பொறி என்று வைத்துக்கொண்டார். சாவியை ஒருமுறை அழுத்தினால் ஒரு அலைவீச்சு. தேவைக்கு மேல் சத்தமே இல்லை.

மூன்றாவது, ரிசீவர். அலை நுழைய வேண்டிய வாயைத் தவிர மற்ற பக்கங்களுக்கெல்லாம் மறைப்பு. ரிசீவரில் இருந்து கால்வனோமீட்டருக்குப் போகும் வயர்களுக்கும் அதே கவனிப்பு. வயர் ஒன்று வெறுமனே கிடந்தால் அதுவே ஆன்டெனா ஆகிவிடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

ரிசீவரையும் மாற்றினார். அப்போது எல்லோரும் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து வைத்திருந்தார்கள். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறைக்குத் தட்டிவிட வேண்டும். எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. போஸ் தூளுக்குப் பதிலாக மெல்லிய எஃகு ஸ்பிரிங்குகளை வரிசையாக அடுக்கி, ஒரு திருகால் அழுத்தம் கொடுத்தார். கல்கத்தாவின் ஈரக்காற்றில் எஃகு துருப்பிடித்தது. அதற்கு கோபால்ட் பூச்சு கொடுத்துப் பார்த்தார். ஆற்றங்கரை ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

உங்கள் ஆபீஸில் இதை எப்படிச் செய்வது?

மூலம், வழி, ரிசீவர். போஸ் பிரித்துப் பார்த்த அதே மூன்றையும் இன்றும் அதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

மூலத்தைப் பிடிக்க ஒரு பேட்டரி ரேடியோ போதும். மத்திய அலையில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். எங்கே இரைச்சல் கூடுகிறதோ அங்கே குற்றவாளி. பிறகு ஒவ்வொன்றாக பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. போன் மாட்டாமல் சும்மா தொங்கும் சார்ஜர்கூட வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

திசையும் தெரியும். மத்திய அலை ரேடியோவின் உள்ளே ஒரு ஃபெரைட் தண்டுதான் ஆன்டெனா. ரேடியோவைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் இரைச்சல் சட்டென்று குறையும். அப்போது தண்டின் முனை காட்டும் கோட்டில்தான் பெரும்பாலும் மூலம் இருக்கும்.

அடுத்து வழி. கரன்ட்டில் ஓடும் ரேடியோ என்றால் அதையே பேட்டரியில் போட்டுப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் அது கரன்ட் வயர் வழியாக வந்திருக்கிறது. ஃபில்டர் உள்ள பவர் ஸ்ட்ரிப் உதவும். போகவில்லை என்றால் காற்று வழி. அதற்கு முதல் மருந்து தூரம். ரேடியோவை நாலு அடி தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய மானிட்டர் வயரின் முனையில் உருண்டையாக ஒரு குண்டு இருக்குமே, அது அழகுக்கு இல்லை. உள்ளே ஃபெரைட் வளையம். வயர் மேல் ஓடும் ரேடியோ அலையை அது விழுங்கிவிடும். தனியாகவும் கிடைக்கிறது, கிளிப் மாதிரி மாட்டலாம்.

நம் ஊர் ஆபீஸ்களில் இன்னொரு பழக்கம். வெயில் காலத்தில் காற்று போகட்டும் என்று சிபியு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிடுவோம். போஸின் பெட்டியில் ஒரு பக்கத்தைப் பிரித்து எடுத்த மாதிரிதான் அது. தகட்டை மாட்டி, எல்லாத் திருகையும் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்றால் எர்த் இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். பவர் சப்ளையை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

ரேடியோ இல்லாத ஆபீஸிலும் இது உண்டு. ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறினால் மவுஸைத் திட்டாதீர்கள். அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது என்று 2012-ல் இன்டெல் நிறுவனமே விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தால் போதும்.

சுவரைத் தாண்டிய மணி

இரைச்சல் அடங்கியதும் போஸின் கருவி பேச ஆரம்பித்தது. 1895 மே மாதம், படிகங்களின் வழியாக மின் அலை போகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை வங்காள ஆசியாட்டிக் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

அதே வருஷம் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னால் ஒரு செய்முறை. ஒரு அறையில் அலையைக் கிளப்பினார். அது சுவர்களையும், நடுவில் இருந்த துணை ஆளுநரின் பெருத்த உடம்பையும் தாண்டி, சுமார் 75 அடி தள்ளியிருந்த அறையில் மணியை அடித்து வெடிமருந்தையும் பற்றவைத்தது. நடுவில் ஒரு வயரும் கிடையாது.

1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரி 29-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், ஃபாரடே நின்று பேசிய அதே மேடையில், வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு. கல்கத்தாவில் செய்த கருவிகளை அங்கே இயக்கிக் காட்டினார். அலைகளை வடிகட்ட அவர் பயன்படுத்திய சாமான்களைக் கேட்டால் சிரிப்பு வரும். முறுக்கிய சணல் ஒன்று. ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் இன்னொன்று. பக்கங்களுக்கு நடுவே தகரத்தாள் செருகியது!

காப்புரிமை வேண்டாம் என்றவர்

1901-ல் லண்டனில் இன்னொரு சொற்பொழிவு. அதற்கு முன்பு ஒரு தந்தி நிறுவன முதலாளி காப்புரிமை விண்ணப்பத்தோடு அவரைத் தேடி வந்தார். லாபத்தில் பங்கு என்று பேசினார். போஸ் மறுத்துவிட்டார். அறிவை விற்கும் பழக்கத்தில் ஒருமுறை சிக்கினால் மீள முடியாது என்று அவர் நினைத்தார். இதை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதமாகவும் எழுதினார்.

நண்பர்கள் விடவில்லை. குறிப்பாக அமெரிக்காவின் சாரா புல் அம்மையார், சகோதரி நிவேதிதை. அவர்கள் வற்புறுத்தலில் 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச் 29-ல் காப்புரிமை வந்தது. எண் 755,840. கலீனா என்ற ஈயக் கனிமத்தின் படிகத்தில் உலோக முனையைத் தொடவைத்து அலையைப் பிடிக்கும் கருவி. பின்னாளில் குறைக்கடத்தி என்று உலகம் சொன்னதன் வேலை அதில் இருந்தது. காப்புரிமைக்கு வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், மின் இடையூறுகளைக் கண்டறியும் கருவி!

அதை வைத்து அவர் ஒரு ரூபாயும் பார்க்கவில்லை. உரிமையைக் காலாவதியாக விட்டுவிட்டார்.

1901 டிசம்பரில் மார்கோனி அட்லாண்டிக் கடலுக்கு மேலாக சிக்னலைப் பிடித்தபோது பயன்படுத்திய பாதரச ரிசீவர், 1899-ல் போஸ் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட வடிவத்தில் இருந்து வந்தது என்று 1998-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. மார்கோனிக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. போஸுக்குக் கிடைக்கவே இல்லை.

மூடாமல் விட்ட ஒரு கோளாறு

ஒரு கோளாறைப் பெட்டியில் போட்டு மூடிய போஸ், இன்னொரு கோளாறை மூட மறுத்தார். அவர் வாழ்க்கை திசை திரும்பியது அங்கேதான்.

அவருடைய ரிசீவர்கள் தொடர்ந்து வேலை செய்தால் மந்தமாகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பழையபடி சுறுசுறுப்பாகும். வேறு பொறியாளராக இருந்தால் வேறு உலோகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். போஸுக்கோ, இது மனிதத் தசை களைத்துப் போவதைப் போல இருக்கிறதே என்று பட்டது. ரெண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே மாதிரி இருந்தன.

1900-ல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் இதைச் சொன்னார். உலோகத்துக்கும் தசைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? செடி! தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்.

இயற்பியலில் இருந்து உயிரியலுக்குள் நுழைந்தவரை அந்தத் துறைக்காரர்கள் வரவேற்கவில்லை. 1901-ல் ராயல் சொசைட்டியில் உடலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். கட்டுரை அச்சாகாமல் கிடப்பில் போடப்பட்டது. அவர் பின்வாங்கவில்லை. கருத்துகளை 1902-ல் புத்தகமாகவே வெளியிட்டார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

செடிக்குள் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்பது இன்று பாடப்புத்தக விஷயம். செடிக்கும் மனிதரைப் போல உணர்ச்சி உண்டு என்ற அளவுக்கு அவர் போனதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. அந்தப் பயணத்துக்கு அவர் கொடுத்த விலையும் சின்னதில்லை. ரேடியோ உலகம் வேகமெடுத்து ஓடத் தொடங்கிய வருஷங்களில் அவர் அந்த மேடையிலேயே இல்லை.

பெட்டி எங்கே இருக்கிறது?

1915-ல் பிரசிடென்சி கல்லூரியில் இருந்து ஓய்வு. ரெண்டு வருஷம் கழித்து, 1917 நவம்பர் 30-ல், தன் பிறந்தநாளிலேயே கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே கண்டுபிடிப்பவை எல்லோருக்கும் பொது, காப்புரிமை கிடையாது என்பது அவர் வைத்த விதி. 1937 நவம்பர் 23-ல், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிதியில் காலமானார். 79 வயது முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அவர் வாழ்ந்திருந்தபோதே உலகம் இரைச்சலுக்கு விதி எழுதத் தொடங்கிவிட்டது. ரேடியோ குறுக்கீட்டுக்கான சர்வதேச சிறப்புக் குழுவான சிஸ்பர் 1934-ல் பாரிஸில் கூடியது. கம்ப்யூட்டர் எவ்வளவு இரையலாம் என்று அமெரிக்கா 1979-ல் வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் சமீர் மையம் இந்தச் சோதனைகளைச் செய்கிறது. அங்கே நடப்பது போஸின் மேஜையில் நடந்ததுதான். ஒரு கருவியை மறைப்புள்ள அறையில் தனியாக ஓடவிட்டு, அதில் இருந்து என்ன கசிகிறது என்று அளப்பார்கள்.

மில்லிமீட்டர் அலையை உலகம் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் கிட் பீக் மலையில் இருந்த 12 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியின் ரிசீவரில் போஸின் 1897-ம் ஆண்டு யோசனைகள் எடுத்தாளப்பட்டன. இப்போது 5ஜி-யின் உயர் அலைவரிசையும் 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அவர் விளையாடிய அதே பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2012-ல் மின்-மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ, பிரசிடென்சியில் அவருடைய 1894-96 சோதனைகளை ஒரு மைல்கல்லாக அறிவித்துப் பலகை வைத்தது.

அவருடைய கருவிகள் பல இன்றும் கொல்கத்தா போஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் ஸ்பிரிங், குழாய், தகரம், சணல். பார்த்தால் ஏதோ பழைய ஒர்க்‌ஷாப் சாமான் போலத்தான் தெரியும். 24 சதுர அடியில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டிய ரெண்டு கருவிகள் ஒன்றை ஒன்று கெடுக்காமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் செய்தவை அவை.